வாசித்துக் காட்டிய பள்ளிக்கூடம்

விண்ணப்பத்தில் ‘இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்’ என்று ஒரு பத்தி எழுதச் சொல்கிறார்களே, அதில் என்ன எழுதுவது என்று உங்களில் ஒருவர் போன வாரம் போனில் கேட்டீர்கள். நான் கடைசியாக வேலை பார்த்த மதிப்பீட்டுப் பிரிவுக்கு வந்து சில மாதங்களே ஆன நீங்கள், கல்வி அளவீட்டிலும் புள்ளியியலிலும் மேற்படிப்புக்குப் போக நினைப்பது எனக்குச் சந்தோஷம். போனில் ஏதோ சுருக்கமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு யோசித்தபோது, நான் படித்து முடித்த கதையைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியாது என்று பட்டது. ஓய்வு பெற்றவளுக்கு எழுத நேரம் இருக்கிறது. உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது வாசித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போடும் முறைகளை இங்கே சொல்லப்போவதில்லை. அதைப் புத்தகமும் கணினியும் சொல்லித்தந்துவிடும். கணக்கு முடிந்து எண் கையில் வந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம்.

நான் அருப்புக்கோட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். வீட்டில் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். கணிதப் பட்டம் வாங்கி, திருச்சுழிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். ஒரு வருஷம் எங்கள் ஏழாம் வகுப்புக்கு, பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்க வெளியிலிருந்து ஓர் அடைவுத் தேர்வு வந்தது. அதில் ஒரு கணக்கு: ஒரு படகில் எட்டுப் பேர் போகலாம், கரையில் முப்பது பேர் நிற்கிறார்கள், எல்லாரும் மறுகரைக்குப் போகப் படகு எத்தனை நடை போக வேண்டும்?

எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆறு குண்டாறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் மணல்தான் கிடக்கும். பாதிப் பேர் அந்தக் கணக்கை விட்டுவிட்டார்கள். ஒரு பையன் ‘படகு வேண்டாம், நடந்தே போகலாம்’ என்று எழுதியிருந்தான். பூஜ்ஜியம் போட்டிருந்தார்கள். சில மாதம் கழித்து வந்த அறிக்கையில், எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு வகுத்தல் வரவில்லை என்று இருந்தது. அதே கணக்கை நான் ஷேர் ஆட்டோ வைத்துப் போட்டுக் கொடுத்தேன். கிட்டத்தட்ட எல்லாரும் சரியாகச் செய்தார்கள். மிச்சம் ஆறு பேருக்காக ஆட்டோக்காரர் வருவாரா மாட்டாரா என்று ஒரு சண்டைகூட நடந்தது.

அந்த அறிக்கை என் மனதை விட்டுப் போகவே இல்லை. கேள்வித்தாள் எழுதுபவர்கள் எங்கே படிக்கிறார்கள் என்று விசாரித்தேன். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வி அளவீட்டில் ஆய்வுப் படிப்பு இருப்பது தெரிந்தது. விண்ணப்பம் போட்டேன். ‘கல்வித் துறைக்கு என்னால் இயன்ற சேவை ஆற்றிட’ என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. அடுத்த வருஷம் மறுபடி போட்டேன். இந்த முறை படகுக் கணக்கை மட்டும் எழுதினேன். கூப்பிட்டார்கள்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, “வயசு நாப்பத்தாறு ஆகுது. படிச்சு முடிச்சு எத்தன வருஷம்மா சர்வீஸ் பண்ணப்போறீங்க?” என்றார்.

“நான் பண்ற சர்வீஸ் கம்மியா இருக்கலாம் சார். புள்ளைக எழுதுற பரீட்சை வருஷா வருஷம் வருதே” என்றேன்.

ஓரத்தில் இருந்த பெண் என்னைவிடப் பத்து வயதாவது இளையவராக இருப்பார். அவர் கேட்டார்: “அந்தப் படகுக் கேள்வி தப்பான கேள்வியா டீச்சர்?”

“இல்ல மேடம். ஆத்துல தண்ணி ஓடுற ஊர்ல அது நல்ல கேள்விதான். எங்க ஊர்ல அது வகுத்தலை அளக்கல, வேற எதையோ அளக்குது.”

“என்னத்தை அளக்குது?”

“தெரியல மேடம். அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்.”

அவர்தான் பிறகு எனக்கு ஆய்வு வழிகாட்டியாக அமைந்தார். கடைசி வரை நான் அவரை மேடம் என்றும் அவர் என்னை டீச்சர் என்றுமே கூப்பிட்டுக்கொண்டோம்.

ஆக, அந்தப் பத்தியில் என்ன எழுதுவது என்ற கேள்விக்கு என் பதில்: உங்களைத் தூங்கவிடாத ஒரு கேள்வி இருந்தால் அதை எழுதுங்கள். இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் வேலை பாருங்கள், கிடைத்துவிடும்.

படிப்பு சுலபமாக இல்லை. உடன் படித்தவர்கள் எல்லாம் என் மகள் வயது. அவர்கள் கணினியில் விரலை வைத்தால் வரைபடம் வந்து நிற்கும். நான் ஒவ்வொரு சூத்திரத்தையும் தாளில் போட்டுப் பார்த்தால்தான் நம்புவேன். காலை பஸ்ஸில் பாலவனத்தம் தாண்டுவதற்குள் ஒரு கணக்காவது போட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். பக்கத்து இருக்கையில் வழக்கமாக வரும் மில் தொழிலாளி ஒருவர், நான் போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் “இன்னைக்கு லீவா?” என்று கேட்பார். அப்படியே முதல் வருஷம் ஓடியது. அது எனக்குச் சந்தோஷமான வருஷம்தான். நாற்பத்தாறு வயதில் மாணவியாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது வாசிப்பு. கிராமத்துப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பத்தியைத் தாங்களே வாசித்து எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பதற்கு ஒரு தேர்வு தயாரிப்பது. பத்திகளை நானே எழுதினேன். அவற்றில் ஒன்று, பந்தல்குடிக்குப் பக்கத்தில் தூத்துக்குடி ரோட்டில் டயர் பஞ்சராகி நிற்கும் ஒரு லாரியைப் பற்றியது. ஓட்டுநர் வெயிலுக்காக டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார், பிறகு மழை வருகிறது, அந்த மாதிரி. பிள்ளைகள் பார்த்த, கேட்ட உலகத்திலிருந்துதான் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

திருச்சுழி, அருப்புக்கோட்டை சுற்றுவட்டாரப் பள்ளிகளிலும், ஒப்பிட்டுப் பார்க்கச் சில டவுன் பள்ளிகளிலும் தேர்வு நடத்தக் கல்வி அலுவலகத்தில் அனுமதி வாங்கினேன். ஒவ்வொரு பள்ளியிலும் அந்தந்த வகுப்பாசிரியரே நடத்த வேண்டும். குறிப்புத்தாளில் தெளிவாகப் போட்டிருந்தேன்: பிள்ளைகள் தாங்களே மனதுக்குள் வாசிக்க வேண்டும், ஆசிரியர் எதையும் வாசித்துக் காட்டக் கூடாது. கூட்டம் போட்டு வாயாலும் சொன்னேன். அதோடு இன்னொரு வாக்கும் கொடுத்தேன். எந்தப் பள்ளி எவ்வளவு எடுத்தது என்பது எனக்கும் என் வழிகாட்டிக்கும் தவிர யாருக்கும் தெரியாது என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் ஆசிரியர்கள் முகம் கொஞ்சம் இளகியது.

முடிவுகள் வந்தன. ஒரு பள்ளி மட்டும் தனியாக நின்றது.

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை அன்றும் நான் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். இரண்டு ஆசிரியர் பள்ளி. அந்த ஐந்தாம் வகுப்பு, டவுன் பள்ளிகளையெல்லாம் தாண்டி மேலே போயிருந்தது. வழிகாட்டி மேடம் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

“என்ன டீச்சர் இது?”

“நல்லா வாசிக்கிற புள்ளைகளா இருக்கும் மேடம்.”

“இவ்வளவா?”

எனக்கும் நம்பிக்கை இல்லை. விடை சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், அல்லது பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. விடைத்தாள்களை எடுத்து மேசையில் பரப்பினோம். பார்த்து எழுதினால் சரியான விடைகள் மட்டுமல்ல, தப்பான விடைகளும் ஒன்றுபோல இருக்கும். இங்கே தப்புகள் ஆளுக்கு ஒன்றாக இருந்தன. ஒரு பெண், ஓட்டுநர் டீக்கடையில் உட்கார்ந்ததற்குக் காரணம் ‘அவருக்குப் பசி’ என்று எழுதியிருந்தாள். இன்னொருவன் ‘கரண்டு இல்லை’ என்று எழுதியிருந்தான். யோசித்து எழுதிய தப்புகள்.

ஆனால் எழுத்துப்பிழை தாள் முழுக்க இருந்தது. ‘மழை’ என்பதை ‘மளை’ என்று எழுதியிருந்தார்கள். ‘சக்கரம்’ ‘சக்கறம்’ ஆகியிருந்தது. அந்தச் சொற்கள் எல்லாம் அதே தாளில், கண்ணுக்கு முன்னால், பெரிய எழுத்தில் அச்சாகி இருந்தன. தாளைப் பார்த்து எழுதியிருந்தாலே பிழை வராது. பார்க்கவில்லை. ஊரில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே காதில் விழுந்ததை எழுதியிருந்தார்கள்.

“யாரோ வாசிச்சுக் காட்டியிருக்காங்க” என்றார் மேடம்.

எனக்குக் கோபம் வந்தது. படித்துப் படித்துச் சொல்லியும் இப்படியா என்று.

சமர்ப்பிக்க வேண்டிய நாள் பக்கத்தில் வந்துவிட்டது. என் படிப்பு விடுப்பும் முடியப்போகிறது. மேடம் நடைமுறையானவர். “அந்தப் பள்ளியை எடுத்துருங்க. நடத்தும் முறையில் பிழைன்னு ஒரு அடிக்குறிப்பு போடுங்க. போதும். யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க” என்றார். அவர் சொன்னது சரிதான். விதிப்படியும் அதுதான்.

“எடுத்துரலாம் மேடம். ஒருக்கா நேர்ல போய்ப் பாத்துட்டு எடுத்துரலாமா?”

“போனா உங்க வேலை கூடும், குறையாது.”

“தெரியும் மேடம்.”

அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார்.

திருச்சுழியில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போனேன். சீமைக்கருவேலம் தவிர வேறு பச்சை இல்லாத மாதம். பள்ளிக்கு முன்னால் வேப்பமரம், அதன் நிழலில் ஐந்தாம் வகுப்பு. வகுப்பாசிரியையை ஜெயமணி டீச்சர் என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயர் அல்ல. முப்பத்தைந்து வயது இருக்கும். வருஷக்கணக்காக வடக்கே ஒரு மாவட்டத்தில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் கிடைத்து வந்திருந்தார். என்னைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“பரீட்சை விஷயமாத்தான வந்தீக?” என்றார்.

“ஆமா டீச்சர்.”

பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

“நீக சொன்ன மாதிரிதான் தாளக் குடுத்தேன். வாசிங்கன்னு சொல்லிட்டு நின்னேன். ஒரு மூணு நாலு பேரு வாசிச்சாக. மத்ததுக தாளப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்குதுக. எழுத்து தெரியும், கூட்டி வாசிக்க வராது. கொஞ்ச நேரம் ஆச்சு. ஒரு புள்ளைக்கிக் கண்ணு கலங்கிருச்சு. தாள் நிறைய எழுத்து, எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு அதுக்குப் பயம். எனக்கு மனசு கேக்கல. வாங்கி வாசிச்சுக் காட்டிட்டேன். விடை சொல்லல. வாசிக்க மட்டும்தான் செஞ்சேன். மூணு பத்தியையும் கேள்விகளையும் வாசிச்சேன்.”

“கூடாதுன்னு போட்டிருந்துச்சே.”

“தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன்.” பிறகு அவரே கேட்டார்: “என் பேரப் போட்டுருவீகளா?”

“இல்ல டீச்சர். பேரு வராதுன்னு சொன்னேன்ல. வராது.”

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

கிளம்புவதற்கு முன்னால், அவர் வகுப்பிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிடச் சொன்னேன். பெயர் முத்துமாரி. தேர்வில் இல்லாத புதுப் பத்தி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். ஒரு வரியின் முடிவுக்குப் போவதற்குள் அதன் தொடக்கம் அவளுக்கு மறந்துபோயிருந்தது. கேள்வி கேட்டேன். தரையைப் பார்த்தாள். பிறகு அதே பத்தியை நான் வாசித்துக் காட்டினேன். கண்மாய்க்கு ஆடு ஓட்டிப்போகும் ஒருவர், வழியில் ஓர் ஆட்டைக் காணாமல் திரும்பித் தேடிப் போவதைப் பற்றிய பத்தி அது.

“அவரு ஏன் எல்லா ஆட்டையும் திரும்ப ஓட்டிட்டுப் போனாரு? ஒரு ஆடுதான காணோம்?” என்று கேட்டேன். அதற்கு விடை பத்தியில் நேராக இல்லை, ஊகிக்க வேண்டும்.

“மத்ததத் தனியா விட்டா அதுகளும் போயிரும்ல” என்றாள் உடனே. “நாய் வச்சிருந்தா விட்டுட்டுப் போகலாம். அவருகிட்ட நாய் இருக்குன்னு நீங்க வாசிக்கலையே.”

திரும்பி வரும் பஸ்ஸில் என் கோபம் போய்விட்டிருந்தது. என் தேர்வில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் இந்த வட்டாரம் முழுக்க இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் புரிந்துகொள்ளத் தெரியாதவர்களா, அல்லது முத்துமாரியைப் போல எழுத்தைக் கூட்ட மட்டும் வராதவர்களா? என் ஆய்வில் அதற்குப் பதில் இல்லை. இரண்டுக்கும் வேறு வேறு வைத்தியம். புரியாத பிள்ளைக்குக் கதை சொல்ல வேண்டும், பேச வைக்க வேண்டும். கூட்டத் தெரியாத பிள்ளைக்குத் தினமும் எழுத்தோடு உட்கார வேண்டும். எது யாருக்கு என்று சொல்லாமல் ‘வாசிப்பு குறைவு’ என்று அறிக்கை எழுதினால், அது படகுக் கணக்கு அறிக்கையைவிட எந்த விதத்தில் மேல்?

மேடத்திடம் சொன்னேன். இன்னொரு தேர்வு நடத்த வேண்டும், ஒவ்வொரு வகுப்பிலும் சிலருக்குத் தாளைக் கொடுத்து, சிலருக்கு வாசித்துக் காட்டி. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“லீவு முடியுது டீச்சர்.”

“ஆமா மேடம்.”

“இப்ப இருக்கிறதை வச்சே பட்டம் வாங்கிரலாம்.”

“வாங்கிரலாம் மேடம்.”

“சரி. செஞ்சா முழுசா செய்யுங்க. அரைகுறையா இன்னொரு தேர்வு வேண்டாம். புதுசா அனுமதி வாங்குங்க.”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இடைக்கால முடிவுகளின் சுருக்கம் ஒன்றை ஏற்கனவே கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தோம். பள்ளிப் பெயர்கள் அதில் இல்லை. ஆனால் ஒரு பள்ளியில் விதிமீறல் நடந்தது என்று ஒரு வரி இருந்தது. அதிகாரி என்னை வரச் சொன்னார். வெளியூர்க்காரர், வேகமாக வேலை பார்ப்பவர், கெட்டவர் இல்லை. அந்த வருஷம் வேறு எங்கோ தேர்வில் ஏதோ கோளாறு நடந்து, அவருக்கு மேலிடத்திலிருந்து கேள்வி வந்திருந்தது.

“எந்தப் பள்ளி?” என்றார்.

“பேரு சொல்ல முடியாது சார். சொல்லமாட்டேன்னு உறுதி குடுத்துத்தான் தேர்வு நடத்தினேன்.”

“யாருக்கு உறுதி? நான் அனுமதி கொடுத்ததாலதான் நீங்க உள்ளே போனீங்க. தப்பு பண்ணின ஆசிரியரை விட்டுவைக்கச் சொல்றீங்களா?”

“தப்புதான் சார். ஆனா இப்ப நான் பேரச் சொன்னா, அடுத்து எந்த ஆராய்ச்சிக்காரர் போனாலும் ஒரு பள்ளிக்கூடமும் உள்ளதை உள்ளபடி காட்டாது. எல்லாப் புள்ளையும் நல்லா வாசிக்கும். நீங்க அறிக்கையில அதத்தான் பாப்பீங்க.”

அவர், புது அனுமதி கேட்டு நான் கொடுத்திருந்த கடிதத்தை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தார். “பேரைச் சொல்லுங்க, இன்னிக்கே கையெழுத்துப் போடறேன். யோசிச்சுட்டு வாங்க.”

யோசிக்க என்ன இருந்தது என்று இப்போது தோன்றலாம். அன்றைக்கு நிறைய இருந்தது. ஜெயமணி எனக்குச் சொந்தமில்லை, சிநேகிதி இல்லை. விதியை மீறியதும் அவர்தான். பெயரைச் சொன்னால் அடுத்த வாரமே தேர்வு நடத்தலாம். அந்தத் தேர்வால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நல்லது நடக்கலாம் என்றுகூட எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உங்களுக்கும் ஒருநாள் இந்த மாதிரி நல்ல காரணம் ஒன்று பெரிதாக வந்து நிற்கும். அதைப் பார்த்ததும் கொடுத்த வாக்கு சின்னதாகத் தெரியும்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். நூற்பாலையில் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது கன்னடத்தில், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

“பேரச் சொன்னா சுளுவா முடிஞ்சிரும்ல?” என்றார்.

“முடிஞ்சிரும்.”

“சொல்ல மனசில்ல.”

“இல்ல.”

“அப்ப லீவு முடிஞ்சதும் ஸ்கூலுக்குப் போ. படிப்பு எங்க ஓடிப் போகுது? ஒரு வருஷம் கழிச்சு அந்த ஆபீசருக்கு மாறுதல் வந்தாலும் வரும்.” சொல்லிவிட்டு ரசம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அப்படிச் சாதாரணமாகச் சொன்னது அந்த நேரத்தில் எவ்வளவு தெம்பாக இருந்தது என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை.

அதிகாரியிடம் போய், சொல்ல முடியாது சார் என்றேன். அவர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் விடுப்பு முடிந்து பள்ளியில் சேர்ந்தேன். சமர்ப்பிக்கும் நாளைத் தள்ளிவைக்க மேடம் பல்கலைக்கழகத்தில் எழுதி வாங்கினார். சக ஆசிரியர்கள் “டாக்டரம்மா, பட்டம் எப்ப?” என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு கரும்பலகையைத் துடைத்தேன்.

ஒருநாள் ஜெயமணி போன் செய்தார். “மறுபடி பரீட்சை வைக்க வாரீகன்னு சொன்னாகளே, ஆளக் காணமே” என்றார்.

“அனுமதி வரல டீச்சர். வரும்போது வாரேன்” என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அது அவர் கழுத்தில் கத்தி வைப்பது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் ஆசிரியர்கள் மத்தியில் எந்தச் செய்தி நிற்கிறது? பேரைச் சொல்லாததால் அந்த டீச்சருக்குக் கையெழுத்து கிடைக்கவில்லையாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து அதிகாரி கூப்பிட்டனுப்பினார். போனால், அவர் அறையில் ஜெயமணி உட்கார்ந்திருந்தார். நான் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்றுதான் முதலில் எனக்குள் ஓடியது.

“இவங்க நேத்து வந்து, அந்தப் பள்ளிக்கூடம் எங்களதுதான்னு சொன்னாங்க” என்றார் அதிகாரி. “எழுதியும் கொடுத்துட்டாங்க. மெமோ கொடுக்கப்போறேன். அதுக்கு விளக்கம் எழுதணும். அது தனி.”

ஜெயமணி என்னைப் பார்த்தார். “நீக சொல்லமாட்டீகன்னு தெரிஞ்சு போச்சு. அப்ப நான் சொல்லலாம்ல” என்றார்.

அதிகாரி பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். “நேத்திலிருந்து எனக்கு ஒண்ணு ஓடிட்டே இருக்கு. இவங்க வாசிச்சுக் காட்டினா அந்தப் பிள்ளைகளுக்கு டவுன் பிள்ளைகளைவிட நல்லாப் புரியுது. சரி. ஆனா அவங்க கையில தாளைக் கொடுத்தா வாசிக்க முடியல. புத்திசாலிப் பிள்ளைங்கதானே? அஞ்சு வருஷமா நாம என்னதான் சொல்லிக் கொடுத்தோம்?”

“அதத் தெரிஞ்சுக்கத்தான் சார் அந்தத் தேர்வு” என்றேன்.

கடிதத்தைக் கேட்டார். என் கைப்பையிலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, தேர்வு நடக்கும்போது ஒரு பள்ளிக்குத் தானும் வருவேன் என்றார். வந்தார். வேப்பமரத்தடியில் ஒரு பெண் அவரிடம் வாசிக்கத் திணறியபோது, அவரே தாளை வாங்கி வாசித்துக் காட்டப் போய், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

முடிவுகளைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் நினைத்ததைவிட அதிகமான பிள்ளைகள் முத்துமாரியைப் போல இருந்தார்கள். எல்லாரும் அல்ல. கேட்டாலும் புரியாத பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்களுக்கு வேறு உதவி வேண்டியிருந்தது. இரண்டு கூட்டத்தையும் பிரித்துக் காட்ட முடிந்தது என்பதுதான் விஷயம். முதல் தேர்வின் கணக்கிலிருந்து ஜெயமணியின் வகுப்பை எடுத்துவிட்டேன். எடுத்ததையும், ஏன் எடுத்தேன் என்பதையும், அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் அடிக்குறிப்பில் ஒளிக்காமல் ஒரு தனி இயலாக எழுதினேன். பள்ளிக்குப் பெயர் இல்லை.

ஆய்வுப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நம் ஊரில் பொதுவில் நடக்கும். யாரும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். அன்று கடைசி வரிசையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு ஜெயமணி வந்து உட்கார்ந்திருந்தார். வருவதாக என்னிடம் சொல்லவில்லை. வெளித்தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்துவிட்டேன். அவையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார்.

“அந்த ஆசிரியை செஞ்சதை நீங்க ஆய்வுல ரொம்ப அனுதாபத்தோட எழுதியிருக்கீங்க. அவங்க செஞ்சது சரின்னு சொல்றீங்களா?”

அந்த ஆசிரியை அதே அறையில் இருப்பது எனக்கும் மேடத்துக்கும் மட்டும்தான் தெரியும். சுலபமான பதில் ஒன்று வாய்வரை வந்தது. பிள்ளைகள் மேல் உள்ள அன்பால் செய்தார் என்று சொல்லியிருந்தால் அவையே தலையாட்டியிருக்கும்.

“தப்பு” என்றேன். “பிள்ளை அழுதா தேர்வை நிறுத்தியிருக்கலாம். நிறுத்திட்டேன்னு தாள்ல எழுதி அனுப்பியிருக்கலாம். வாசிச்சுக் காட்டிட்டுப் பிள்ளைகளே வாசிச்ச மாதிரி அனுப்பினது தப்பு. அதனால கிடைச்ச உண்மை பெருசு. அது வேற. அவங்களே முன்வந்து சொல்லாம இருந்திருந்தா அதுவும் கிடைச்சிருக்காது.”

இளைஞர் உட்கார்ந்தார். கடைசி வரிசையைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

முடிந்து, பூச்செண்டு வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு, நானும் ஜெயமணியும் சேர்ந்தே பஸ் பிடித்து ஊருக்குத் திரும்பினோம். ஜன்னல் பக்கம் அவர் உட்கார்ந்தார். வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். வருத்தப்படுகிறார் என்றே நினைத்தேன். விருதுநகர் தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன்.

“அங்க வச்சு அப்படிச் சொன்னதுல கோவமா டீச்சர்?”

“கோவமா?” என்றார் திரும்பி. “இல்ல டீச்சர். அன்னைக்கிலருந்து எல்லாரும் எங்கிட்ட, பாவம் மனசு கேக்காமச் செஞ்சுட்டீக, பாவம் மனசு கேக்காமச் செஞ்சுட்டீகன்னுதான் சொல்றாக. மெமோ குடுத்த ஆபீசருகூட அதத்தான் சொன்னாரு. ஒருத்தராச்சும் என்ன வெவரந் தெரிஞ்ச டீச்சரா நெனச்சு, இப்படிச் செஞ்சிருக்கணும்னு சொல்லலையேன்னு இருந்துச்சு. நிறுத்திட்டு எழுதி அனுப்பியிருக்கலாம்னீக பாருங்க. ஆமா, அதத்தான் செஞ்சிருக்கணும். அது எனக்குத் தோணவே இல்ல.”

அருப்புக்கோட்டையில் இறங்கினோம். திருச்சுழி பஸ் புறப்படத் தயாராக நின்றது.

“வாரேன் டீச்சர். நாளைக்கு வெள்ளன போகணும். இப்ப பள்ளிக்கூடம் ஆரம்பிக்க முன்னாடி, கூட்டி வாசிக்க வராததுகள மட்டும் தனியா உக்கார வச்சுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.